பாலத்துத் தோட்டத்தின் பகல் விளக்குகள்

ஈப்போ பஸ் நிலையத்தில் அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அக்காவுக்கும் என்னைத் தெரியவில்லை. ஒரே பெஞ்சின் இரண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். மச்சான் தேநீர் வாங்கிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்த என் போட்டோவையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னலா, அக்காவும் தம்பியும் இன்னும் பேசிக்கலையா?" என்றார். அந்த ஊர்ப் பேச்சில் 'லா' ஒட்டிக்கொண்டே வரும்.

இருபத்தாறு வருஷம். மச்சான் வீரையா துறையூருக்கு வந்து அக்காவைக் கட்டிக்கொண்டு கப்பலேறியபோது அவளுக்குப் பதினெட்டு வயது. இப்போது பல்லில் பாதி இல்லை. நாங்கள் அழவில்லை. அக்கா என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னா தம்பி, நகமெல்லாம் கறுப்பா இருக்கு?"

"வார்னிஷ்க்கா."

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். ஊரில் கிணற்று மோட்டார் எரிந்தால் என்னிடம் வரும். எரிந்த கம்பியைப் பிரித்து எடுத்துப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காய வைத்துக் கொடுப்பேன். எட்டாவது வரை படித்தேன். பிறகு இதே வேலை.

பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு தமிழ் முஸ்லிம் கடை. ரொட்டி சானாய் சாப்பிட்டோம். எங்கள் ஊர்ப் பரோட்டாதான். இன்னும் மெல்லிசு. பருப்புக் குழம்பு ஊற்றுகிறார்கள். மாவைக் காற்றில் வீசுகிறவன் என்னைப் பார்த்து, "ஊர்லேர்ந்தா? அங்க மழ உண்டா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "இங்க வேணாங்கற அளவுக்கு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றான்.

எங்கள் ஊரில் அப்போது மழையும் இல்லை, கரண்டும் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஊரில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் மூன்று மணி நேரம், சாயங்காலம் மூன்று மணி நேரம். ஒரு பல்பு சும்மா எரிந்தால் என் வீட்டில் நான் கத்துவேன்.

சுங்கை சிப்புட் வரை பஸ். அங்கிருந்து மச்சானின் மோட்டார் சைக்கிள். மச்சான், அக்கா, நான், என் பெட்டி. செம்மண் பாதையில் ஒரு பள்ளத்தில் பெட்டி மட்டும் இறங்கிக்கொண்டது. திரும்பிப் போய் எடுத்து வந்தோம்.

அவர்கள் இருப்பது பாலத்துத் தோட்டம். ரப்பர்த் தோட்டம். கம்பெனி அதைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போய்விட்டது. வாங்கினவர்கள் ஆளுக்கொரு மூலையில் கூலிக்கு ஆள் வைத்து மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறார்கள். தொழிலாளர் இருந்த லயம் மட்டும் மிச்சம். எதிரெதிரே இரண்டு வரிசைப் பலகை வீடுகள். வரிசைக்குப் பதினாறு.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். முப்பத்திரண்டு வீட்டு வாசலிலும் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

நான் நின்றுவிட்டேன்.

"என்னாக்கா இது, பட்டப்பகல்ல?"

"அது அப்படித்தான் தம்பி. வா, சோறு ஆறுது."

இலையில் கை வைத்த பிறகும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பால்வெட்டு முடிந்து வந்ததும் மச்சான் என்னை லயத்துக்குப் பின்னால் மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இருபது நிமிஷம் நடை. மேலே ஒரு ஓடை. கல் அடுக்கித் தடுத்திருந்தார்கள். அங்கிருந்து இரும்புக் குழாய் சரிவில் இறங்கியது. அடியில், லயத்துக்குக் கொஞ்சம் மேலே, தகரக் கொட்டகை. உள்ளே ஒரு பம்பும் மோட்டாரும் ஓடிக்கொண்டிருந்தன.

பார்த்த மாத்திரத்தில் சொன்னேன். "மச்சான், இது தலைகீழா சுத்துது."

"ஆமா."

"தண்ணிய எறைக்கலையே."

"தண்ணிதான் அத எறைக்குது" என்று மச்சான் சிரித்தார்.

ஈயச் சுரங்கங்கள் மூடிக்கொண்டிருந்த காலம் அது. மூடின சுரங்கத்திலிருந்து பழைய பம்பைக் கொண்டு வந்திருக்கிறார்கள். மேலேயிருந்து வருகிற தண்ணீர் பம்பைத் திருப்புகிறது. பம்பு மோட்டாரைத் திருப்புகிறது. மோட்டார் கரண்ட் கொடுக்கிறது. பக்கத்தில் நாலு கண்டென்சர். நான் முப்பது வருஷமாகக் கரண்ட் வாங்குகிற மோட்டாரைத்தான் பார்த்தவன். கொடுக்கிற மோட்டாரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"சுரங்கத்துல வேல பாத்த ஒரு சீனர். பம்ப வித்துட்டு, இதையும் சொல்லிட்டுப் போனார்."

"இந்த எடம் யாருது?"

"கவர்மெண்டுது. ஆத்தோரமெல்லாம் கவர்மெண்டு நெலந்தான்."

"மெஷினு?"

"எங்களுது."

"எங்களுதுன்னா யாருது?"

"முப்பத்திரெண்டு வீட்டுக்கும்."

"மொதலாளி யாரு மச்சான்?"

"மொதலாளியா? அவன்தான் வித்துட்டுப் போயிட்டான்லா."

எங்கள் ஊரில் ஒரு கிணறு இருக்கிறது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்குப் பங்கு. மோட்டாரை முதலில் யார் போடுவது என்று கேஸ் நடக்கிறது. அந்த மோட்டாருக்கு நான் காயில் கட்டிக் கொடுத்து நாலு வருஷம். இன்னும் யாரும் வாங்க வரவில்லை. இங்கே முப்பத்திரண்டு வீடு. நிலமும் அவர்களுடையது இல்லை.

கொட்டகைச் சுவரில் ஒரு பலகை. அதில் முப்பத்திரண்டு பெயர், தமிழில். தினம் ஒரு வீட்டார் மேலே ஏறிப் போய், தண்ணீர் நுழைகிற குழாய் வாயை அடைக்கும் இலையை அள்ளிப் போட வேண்டும். அந்த முறைக்கான பலகை. அதன் கீழே ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. கம்பெனி காலத்தில் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த மணியாம்.

இறங்கும்போது மச்சான் இன்னொன்றும் சொன்னார். அந்த இடத்துக்கு நில ஆபீஸ் கொடுப்பது வருஷ லைசென்ஸ். ஆற்று மணல் எடுக்கிற ஒரு கம்பெனி அதே இடத்தைக் கேட்டிருக்கிறது. சனிக்கிழமை அதிகாரி வருகிறார். மெஷின் ஓடினால் கையெழுத்து. நின்றிருந்தால் இடம் மணல்காரனுக்கு.

"நல்லா ஓடுதே" என்றேன்.

"ஓடும்லா" என்றார்.

பகலில் ஏன் பல்பு எரிய வேண்டும் என்று அவரையும் கேட்டேன். "தண்ணி சும்மாதானே மச்சான் வருது" என்றார். சும்மா வருவதை இவர்கள் மதிப்பதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. எல்லாரும் விடியுமுன் பால்வெட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா எனக்கு வாழையிலையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். நாசி லெமாக். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, நெத்திலி, காரச் சாந்து. தேங்காய்ப் பால் என்றதும் இனிப்பு என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. சாப்பிட்டு முடித்து வாசலில் உட்கார்ந்தேன்.

தலைக்கு மேலே பல்பு. எதிரே பதினாறு பல்பு. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கை சும்மா இருக்கவில்லை.

அக்கா வீட்டு சுவிட்சை அணைத்தேன். சுவிட்ச் வாசல் நிலையிலேயே இருந்தது. எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். அடுத்த வீட்டிலும் அணைத்தேன். ஒரு நல்ல காரியம் செய்கிற நினைப்பில் அந்த வரிசை முழுக்க அணைத்துக்கொண்டே போனேன்.

வரிசை முடிந்தபோது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் லாரி ஏறுகிறது என்று நினைத்தேன். சத்தம் ஏறிக்கொண்டே போய்க் கீச்சென்று ஆனது. எதிர் வரிசைப் பல்புகள் வெள்ளையாயின. ஒன்று வெடித்தது. பிறகு பக்கத்தில் ஒன்று. அப்படியே வரிசையாக.

பிறகு வாசனை வந்தது. வார்னிஷ் தீய்கிற வாசனை. அது எனக்குத் தெரியும். என் சோறு அது.

ஓடினேன். கொட்டகைக்குள் புகை. யாரோ ஒரு பெண் எனக்கு முன்னால் வந்து, குழாயின் சக்கர வால்வை இரண்டு கையாலும் திருகிக்கொண்டிருந்தாள். நானும் பிடித்தேன். தண்ணீர் நின்றது. மோட்டார் மெல்லச் சுற்றி நின்றது. தொட்டேன். கை பொத்துப்போனது.

அவள் பொன்னம்மா. லயத்துக் கைக்குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவள். லைசென்ஸ் காகிதம் அவளுடைய தகரப் பெட்டியில்தான் இருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"யாரு அமத்துனா?"

"நாந்தான்."

"ஏண்ணே?"

"வீணா எரிஞ்சுது."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஊர்லேர்ந்து கப்பலேறி வந்து எங்க கரண்ட மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கீங்க. நல்லா இருங்க."

அவள்தான் விளக்கினாள். இந்த மெஷினுக்குக் கடிவாளம் கிடையாது. பல்புதான் பாரம். பாரம் இருக்கிற வரைக்கும் நிதானமாகச் சுற்றும். பாரத்தை எடுத்தால் தறிகெட்டு ஓடும். வால்வைத் தினம் மூடித் திறந்தால் குழாய் இணைப்பு விட்டுப்போகும். அதனால் இரவும் பகலும் ஓட்டம்தான், இரவும் பகலும் விளக்குதான். அணைக்க வேண்டுமென்றால் மணி அடித்து, தண்ணீரைக் குறைத்து, வரிசையாக அணைப்பார்கள்.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூச்சு விட வேண்டும் என்று யாரும் விருந்தாளிக்குச் சொல்வதில்லை.

மத்தியானம் எல்லாரும் திரும்பி வந்தார்கள். பல்பு எரியாத லயத்தைப் பார்த்ததும் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். கோயில் மரத்தடியில் கூடினார்கள். நான் எழுந்து நின்று, அணைத்தது நான்தான் என்றேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் திட்டவில்லை. அது அடியைவிட மோசம்.

"சனிக்கெழமைக்கு மூணு நாள் இருக்கு" என்றாள் பொன்னம்மா. "அண்ணே, உங்க வேலையே இதானாமே?"

"ஆமா."

"அப்ப ஏன் நிக்கிறீங்க?"

அன்று சாயங்காலத்துக்குள் மோட்டாரை இறக்கிக் காயிலை வெட்டி எடுத்தேன். சுற்று எண்ணினேன். கம்பி எல்லாம் கரி. அதே அளவுக் கம்பி ஈப்போவில்தான் கிடைக்கும்.

வியாழக்கிழமை மச்சானும் நானும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். பாதி வழியில் செயின் அறுந்தது. வண்டியை ஒரு கடையில் விட்டுவிட்டு ரோட்டோரம் நின்றோம். ஒரு லாரி நிறுத்தியது. பின்னால் மூட்டை மூட்டையாகக் கட்டிப்பால், கோப்பையில் உறைந்து போன ரப்பர்ப் பால். செத்த எலி நாற்றம். நான் துண்டால் மூக்கை மூடினேன்.

டிரைவர் தமிழன். "அண்ணே புதுசா?" என்று மச்சானைக் கேட்டான்.

"என் மச்சான். ஊர்லேர்ந்து. இருவத்தாறு வருஷம் கழிச்சு அக்காவப் பாக்க வந்திருக்காரு."

"மூக்க மூடாதீங்க அண்ணே. உங்க அக்கா இருவத்தாறு வருஷம் இதுலதான் சாப்புட்டிருக்கு."

துண்டை எடுத்துவிட்டேன்.

கம்பிக்கடை ஒரு சந்துக்குள் இருந்தது. சீனர் கடை. வாசலில் பிரித்துப் போட்ட மோட்டார்கள். என் கடை மாதிரியே இருந்தது. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். அவர் நகமும் கறுப்பு.

மச்சான் மலாயில் ஆரம்பித்தார். கடைக்காரர் என் வேட்டியைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்.

"என்னா அண்ணே, எந்த சைஸ் கம்பி?"

எனக்குத் தூக்கிப் போட்டது. கடைக்காரர் சிரித்தார். "நான் தோட்டத்து மளிகக் கடையில பொறந்தவன். உங்க ஆளுங்களோடதான் வளந்தேன்."

கருகின கம்பித் துண்டை நீட்டினேன். வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

"பாலத்துத் தோட்டமா? வெளக்க அமத்திட்டீங்களா?"

நான் மச்சானைப் பார்த்தேன். மச்சான் தெருவைப் பார்த்தார்.

"இது ரெண்டாவது தடவலா" என்றார் கடைக்காரர். கம்பியை நிறுத்து, சுருட்டி, இன்சுலேஷன் தாளும் வார்னிஷும் சேர்த்துக் கட்டினார். "தாளு என் பங்கு" என்று அதை மட்டும் கணக்கில் சேர்க்கவில்லை.

வெளியே வந்து மச்சானை நிறுத்தினேன். "மொத தடவ யாரு அமத்துனா?"

மச்சான் ஒரு காப்பிக் கடையில் உட்கார வைத்துச் சொன்னார். முளைப்பயறும் கோழியும் வைத்தார்கள். நான் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கம்பெனி காலத்துல அவங்க இஞ்சின் போட்டு வெளக்கு குடுப்பாங்க. ஒம்பது மணிக்கு கணக்கெழுதுற கிராணி மணி அடிப்பான். அமத்திரணும். அமத்தலன்னா மறுநாள் பெரட்டுல நிக்க வச்சு ஏசுவான். எங்க அப்பன் காலத்துலேர்ந்து அப்படி. அப்புறம் எங்க மெஷினு வந்துச்சு. மொத நாளு எல்லாரும் வெளிய உக்காந்து வெளக்கப் பாத்துக்கிட்டே இருந்தோம். ஒம்பது மணி ஆச்சு."

"மணி அடிச்சாங்களா?"

"யாரு அடிப்பா? கிராணிதான் இல்லியே. முப்பத்திரெண்டு வீடும் தானா எந்திரிச்சிப் போய் அமத்திட்டோம்."

மச்சான் கோப்பையைத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீங்க லேசாயிருவீங்க மச்சான். வேல சனிக்கெழமைக்குள்ள முடியணும்."

வெள்ளிக்கிழமை முழுக்கக் கம்பி சுற்றினேன். பொன்னம்மாவின் குழந்தைக் கொட்டகைதான் பட்டறை. நாலு பெண்கள் பால்வெட்டுக்குப் போகாமல் உட்கார்ந்து தாள் வெட்டிக் கொடுத்தார்கள். அவர்களுக்குக் கத்தி பிடித்த கை. மயிரிழை பிசகாது. ஒருத்தி, "அண்ணே, நீங்க எங்க ஊர்லயே இருந்துட்டா மாசம் ஒருக்கா அமத்திப் பொழைக்கலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்த மூன்று நாளில் முதல் சிரிப்பு.

வார்னிஷ் காய வேண்டும். ஊரில் நான் வெயிலில் வைப்பேன், இல்லை பெட்டிக்குள் பல்பு போட்டு வைப்பேன். இங்கே மழை பிடித்துக்கொண்டது. பல்புக்குக் கரண்ட் இல்லை. பொன்னம்மா கேட்டாள், "ரப்பர் காயிற சூடு போதுமா?" ரப்பர் ஷீட் காய வைக்கிற புகைக்கூடம் ஒன்று பாழாகாமல் இருந்தது. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு போய் ஷீட் தொங்குகிற கம்பில் கட்டித் தொங்கவிட்டோம். விறகைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டது அவள்தான். சனிக்கிழமை காலையில் நகத்தால் கீறிப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. என் பட்டறையில் இப்படிக் காய்ந்ததில்லை.

பூட்டினோம். வெடித்த பல்புக்கெல்லாம் புதுசு போட்டிருந்தார்கள். தண்ணீரைத் திறந்தோம். பம்பு சுற்றியது. மோட்டார் சுற்றியது. கரண்ட் வரவில்லை.

நான் எல்லா முனையையும் பார்த்தேன். சரியாக இருந்தது. தூரத்தில் ஜீப் சத்தம் கேட்டது.

மச்சான் வெளியே போனார். பழுது பார்த்துக் கொண்டு வந்திருந்த மோட்டார் சைக்கிளின் பாட்டரியைக் கழற்றி எடுத்து வந்தார். இரண்டு ஒயரை மோட்டார் முனையில் ஒரு தொடு தொட்டார். மீட்டர் ஊசி எழுந்தது.

"புது காயிலு மச்சான். காந்தம் மறந்திருக்கும். அதுக்கு ஒருக்கா ஞாபகப்படுத்தணும்" என்றார்.

மூன்றாவது வரை படித்தவர். பால் வெட்டுகிறவர். மணியை ஓர் அடி அடித்தார்கள். கீழே வரிசையாக விளக்கு எரிந்தது.

நில ஆபீஸ் அதிகாரி மலாய்க்காரர். தலையில் கறுப்புத் தொப்பி, காலில் மழை பூட்ஸ். மெதுவாகப் பேசுகிறவர். பொன்னம்மா மலாயில் பதில் சொன்னாள். அக்கா என் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மெஷினைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். படிவத்தில் உரிமையாளர் பெயர் எழுத ஒரு கோடுதான் இருக்கிறது என்றார். பொன்னம்மா முப்பத்திரண்டு பெயர் எழுதின தாளை நீட்டினாள். "போன வருஷமும் இதைத்தான் கொடுத்தாய்" என்றார். "இந்த வருஷமும் அதே ஆட்கள்தான்" என்றாள். அவர் தாளை மடித்து வைத்துக்கொண்டார். மணல் கம்பெனிக்கு ஒரே பெயர், ஆபீசுக்கு அது சுலபம் என்று சொன்னார்.

லயத்துக்குள் நடந்தார். நல்ல வெயில். வாசல்தோறும் பல்பு. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அக்கா வீட்டு வாசலில் நின்றார். தலையை ஆட்டிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமலே சுவிட்சுக்குக் கை நீட்டினார்.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாம்" என்றேன். தமிழில்தான் வந்தது.

எல்லாரும் நின்றார்கள். கவர்மெண்டு அதிகாரியின் கையை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். விசாவில் வந்தவன். விடவும் பயம், பிடிக்கவும் பயம். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கொப்புளத்தைப் பார்த்தார்.

யார் இவர் என்று கேட்டார்.

"புதன்கெழம அமத்துனது இவருதான்" என்று பொன்னம்மா சொன்னாள். சனிக்கிழமை காலை வரைக்கும் நடந்ததை ஒளிக்காமல் முழுக்கச் சொன்னாள். மெஷின் நின்றுபோனதை அதிகாரியிடமே சொல்கிறாளே என்று அக்காவைப் பார்த்தேன்.

அவர் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். சுவிட்சிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றார். தன் வீட்டிலும் அணைத்துக்கொண்டே போகிறவர் தான்தான் என்றார். மூன்று நாளில் சரி செய்தீர்களா என்று இன்னொரு தடவை கேட்டார். ஜீப்பின் மூக்கில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். முப்பத்திரண்டு பெயர்த் தாளைப் பின்னால் சேர்த்துக் குத்தினார்.

ஜீப் போன பிறகு தாளை வாங்கிப் பார்த்தேன். எனக்குத் தெரியாத மொழி. "எத்தன வருஷத்துக்கு?" என்றேன்.

"ஒரு வருஷம்" என்றாள் பொன்னம்மா.

"இவ்வளவுக்கும் ஒரு வருஷமா?"

"ஆமா."

"அடுத்த வருஷம்?"

"அடுத்த வருஷம் திரும்பக் கேப்போம்லா."

தாளைத் தகரப் பெட்டியில் வைத்துக் குழந்தைகளிடம் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றிருந்தேன். குழாய் தூக்கி, கல் அடுக்கி, தினம் இலை அள்ளி, ஒரு வருஷத்தை வாங்கி வைத்துவிட்டு அவரவர் சமைக்கப் போய்விட்டார்கள்.

நான் புறப்படுவதற்கு முதல் நாள், கொட்டகைப் பலகையில் முப்பத்திரண்டு பெயருக்குக் கீழே சுண்ணாம்பில் ஒரு பெயர் எழுதியிருந்தது. துறையூர் ராமலிங்கம். என் பெயர். மேலே ஏறிப் போய் இலை அள்ளினேன். தண்ணீர் குளிர்ந்தது.

ஊருக்கு வந்து வருஷம் ஒன்று கழிந்து அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. பலகையில் என் பெயரை அழிக்கவில்லையாம். என் முறை வரும் நாளில் மச்சான் போய் இலை அள்ளுகிறாராம். அதிகாரி மறுபடியும் வந்தாராம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டே லயம் முழுக்க நடந்தாராம்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு.